பால், மிளகாய்த்தூள், மீன்: வீட்டுச் சோதனையில் எது தெரியும், எது தெரியாது

செங்கோட்டையில் எங்கள் அடுப்படிக்கு வரும் சாமானில் பாதி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்து வரும் சரக்கு. தேங்காய் எண்ணெய், நல்லமிளகு, சாளை மீன் எல்லாம் அங்கிருந்து இறங்குகிறது, இங்கிருந்து பாலும் காய்கறியும் புளியரை வழியாக மேலே ஏறுகிறது. நடுவில் ஆரியங்காவு சோதனைச் சாவடியில் கேரளக்காரர்கள் பாலைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். நம் வீட்டுக்கு அப்படி யாரும் சோதித்துத் தரப்போவதில்லை, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு சோதனை ஒரே ஒரு கலப்படத்தைத்தான் காட்டும். மாவு இல்லை என்று தெரிந்தால் மாவு இல்லை, அவ்வளவுதான். யூரியா இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

பாலிலிருந்து தொடங்கலாம். மருந்துக்கடையில் டிஞ்சர் அயோடின் ஒரு சின்னப் பாட்டில் வாங்கி வையுங்கள். இரண்டு மூன்று மில்லி பாலில் ஐந்து மில்லி தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு, இரண்டு சொட்டு அயோடின் விடுங்கள். நீலமாக மாறினால் மாவு கலந்திருக்கிறது. ஆறவிடாமல் சூட்டோடு விட்டால் மாவு இருந்தாலும் நீலம் தெரியாது, அவசரக்காரர்கள் ஏமாறுவது இங்கேதான்.

யூரியாவுக்குத் துவரம்பருப்பு போதும். ஒரு ஸ்பூன் பாலில் அரை ஸ்பூன் துவரம்பருப்புப் பொடியைப் போட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்து, சிவப்பு லிட்மஸ் தாளை முக்கி அரை நிமிடம் பாருங்கள். நீலமாக மாறினால் சந்தேகப்படுங்கள். பருப்பில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகிறது, தாள் நிறம் மாறுவது அதனால்தான். பாலில் இயல்பாகவே கொஞ்சம் யூரியா உண்டு என்பதால், நம்பிக்கையான ஒரு வீட்டில் கறந்த பாலையும் பக்கத்தில் வைத்து இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நல்லது. சோப்புத்தூளுக்கு, பாலும் தண்ணீரும் சம அளவு எடுத்துக் குலுக்கினால் போதும். நல்ல பாலில் மெல்லிய நுரைதான் வரும், சோப்பு இருந்தால் தடியாக நிற்கும்.

பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரை மட்டும் நம்பி இருக்காதீர்கள். தண்ணீர் சேர்த்தால் அளவு இறங்கும், ஆடையை எடுத்தால் ஏறும். இரண்டையும் செய்தவனின் பாலில் அளவு சரியாகவே காட்டும்!

வீட்டில் பிடிபடாத ஒன்று ஹைட்ரஜன் பெராக்சைடு. கெடாமல் இருக்கச் சேர்ப்பது, ஆனால் அதுவே நேரம் ஆக ஆகத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போய்விடும். 2023 ஜனவரியில் ஆரியங்காவில் 15,300 லிட்டர் பால் வந்த டேங்கரைப் பிடித்தபோது, பால்வளத் துறை அங்கேயே செய்த சோதனையில் பெராக்சைடு இருப்பதாகச் சொன்னது. பிறகு உணவுப் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் அது தெரியவில்லை. பால் விஷயத்தில் நேரம் எவ்வளவு முக்கியம் என்று நான் புரிந்துகொண்டது அந்தச் செய்தியில்தான். சந்தேகம் வந்தால் அன்றைக்கே ஆய்வகத்தில் கொடுங்கள், நாளைக்கு என்று ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்.

மிளகாய்த்தூளைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரின் மேல் தூவுங்கள். சாயம் கலந்திருந்தால் சிவப்புக் கோடுகளாகக் கீழே இறங்கும். அடியில் தங்குவதை விரலில் தேய்த்துப் பாருங்கள், மணல் போல நறநறத்தால் செங்கல் தூளாக இருக்கலாம். ஆனால் சூடான் (Sudan) என்ற தொழிற்சாலைச் சாயம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். எண்ணெயில் போட்டால் மிளகாயின் சொந்த நிறமும் சேர்ந்தே இறங்கும் என்பதால் வீட்டில் அதைப் பிரித்துச் சொல்ல வழியில்லை. அதனால் முடிந்தவரை வற்றல் வாங்கி மில்லில் திரிப்பதையே நான் செய்கிறேன்.

மஞ்சள் தூளையும் இதே மாதிரி தண்ணீரில் போடலாம். நல்லது கீழே படிந்து தண்ணீர் இளமஞ்சளாக நிற்கும், சாயம் இருந்தால் தண்ணீரே கடும் மஞ்சளாகிவிடும். மஞ்சளில் மட்டும் அயோடின் வேண்டாம். வீட்டில் அரைத்த தூளில் ஒருமுறை விட்டுப் பார்த்தேன், கருநீலமாக மாறியதும் பதறிப்போனேன், அப்புறம்தான் கிழங்கிலேயே மாவுச்சத்து இருப்பது உறைத்தது. ஈயம் கலந்த சாயத்தை எந்த டம்ளரும் உறுதியாகக் காட்டாது, அதற்கு ஆய்வகம்தான்.

தேங்காய் எண்ணெயைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். சுத்தமானது முழுக்க உறையும், வேறு எண்ணெய் இருந்தால் தனி அடுக்காக உறையாமல் நிற்கும். பாமாயில் மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயும் உறையக்கூடியது என்பதால் அது இதில் தப்பித்துவிடும். நல்லமிளகைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும், பப்பாளி விதை மிதக்கும். பொக்கு மிளகும் மிதக்கும், அதனால் மிதந்ததை எடுத்து நசுக்கி முகர்ந்து பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் பேசுங்கள்.

மீனுக்கு வருவோம். இங்கே பயம் ஃபார்மலின், பிணம் கெடாமல் வைக்கப் பயன்படும் ரசாயனம். 2018 ஜூனில் கேரள அரசு ‘சாகர் ராணி’ என்ற பெயரில் நடத்திய மீன் சோதனையில் ஆரியங்காவில் மட்டும் 9,600 கிலோ ஃபார்மலின் மீன் பிடிபட்டது. ஈ மொய்க்கவில்லையென்றால் ஃபார்மலின் என்று சந்தையில் சொல்வார்கள், அதை வைத்து முடிவு செய்ய முடியாது, நிறைய ஐஸில் கிடக்கும் மீனிலும் ஈ குறைவாகத்தான் இருக்கும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஃபார்மலினுக்கும் அம்மோனியாவுக்கும் காகிதப் பட்டை கிட் உருவாக்கியிருக்கிறது. பட்டையை மீனில் தேய்த்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும், சில நிமிட வேலை. கழுவுவதற்கு முன்னால் செய்யுங்கள்.

ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் போன்றவை கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாதவை. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி, வாங்கிய பொருளைக் கட்டணம் கட்டிப் பகுப்பாய்வு செய்ய நமக்கே உரிமை உண்டு, எங்களுக்குப் பக்கத்தில் பாளையங்கோட்டையில் அரசு ஆய்வகம் இருக்கிறது. கலப்படம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லியாக வேண்டும், பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பில்லை வாங்கி, பாக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோங்கள்.