நண்பகலில் எகிறிய கணக்கு

நெல் வயலின் ஒளிச்சேர்க்கையைக் கணிக்கும் பழைய நிரல் ஒன்று என் கைக்கு வந்தது. காலையில் ஒழுங்காகத்தான் இருக்கும். வெயில் ஏறினால் மட்டும், வயலில் அளந்த கரியமில வாயு ஈர்ப்பைத் தாண்டி எகிறும்.

பயிரின் இலைகளுக்கிடையே ஒளி கீழே போகப் போக அடுக்குக்குறி முறையில் (ஒவ்வோர் அடுக்கிலும் ஒரே விகிதத்தில்) குறைகிறது என்று 1953இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மோன்சியும் சயேகியும் காட்டினார்கள். நிரல் அதை அப்படியே பின்பற்றி, ஒரே உயரத்திலுள்ள இலைகளுக்கெல்லாம் சராசரி ஒளியைப் பங்கிட்டது. வயலிலோ ஓர் இலை நேர் வெயிலில் காயும், பக்கத்து இலை நிழலில் கிடக்கும். வெயில் இலை ஓர் அளவுக்குமேல் வரும் ஒளியைப் பயன்படுத்தாது. சராசரி அந்த இழப்பை மறைத்துவிடுகிறது.

இலைப்பரப்பை வெயில், நிழல் என்று பிரித்தேன். இலைகள் எல்லாக் கோணங்களிலும் சாய்ந்திருப்பதாகக் கொண்டால், 0.5ஐச் சூரிய உயரக் கோணத்தின் சைனால் வகுக்க ஒளி மறைப்புக் கெழு, அதாவது இலைகளுக்கிடையே நேர் வெயில் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்ற எண், கிடைக்கும். அதிலிருந்து வெயில் படும் இலைப்பரப்பைக் கணக்கிடலாம். இலைப்பரப்புக் குறியீடு (ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு மேலுள்ள இலைப்பரப்பு) 5 என்றால், அதில் சூரியன் உச்சியில் நிற்கும்போது வெயில் பங்கு சுமார் 1.8, 30 பாகையில் வெறும் 1. மற்ற இலைகளுக்குச் சிதறல் ஒளிதான் கதி. இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டியதும் நண்பகல் மேடு தணிந்தது. பயிரைப் பல அடுக்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியே கணக்கிடும் பல அடுக்கு மாதிரிக்கு மாறிவிடச் சிலர் சொன்னார்கள், எனக்குத் தேவைப்படவில்லை.