இன்கல்கேட்: குதிகால் பதிந்த சொல்

'நான் நல்ல பழக்கங்களை இன்கல்கேட் செய்து வருகிறேன்.' விண்ணப்பக் கடிதங்களில் இன்கல்கேட் (inculcate) என்ற ஆங்கிலச் சொல்லை இப்படி எழுதுபவர்கள் நிறையப் பேர். நல்ல பழக்கங்களை எனக்குள் வளர்த்துக்கொள்கிறேன் என்பதுதான் அவர்கள் சொல்ல வந்தது. ஆனால் இன்கல்கேட் பொதுவாக நாம் நமக்கே செய்துகொள்வது இல்லை, இன்னொருவர் மனத்தில் பதியவைப்பது. நாமே வளர்த்துக்கொள்வதற்கு கல்டிவேட் என்ற சொல் இருக்கிறது. இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிப்பதுதான் வம்பு என்று நினைக்கிறேன்.

லத்தீனில் குதிகாலுக்கு கால்க்ஸ் என்று பெயர். அதிலிருந்து பிறந்த வினைச்சொல்லுக்கு, காலால் மிதித்து உள்ளே அழுத்துவது என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த பிறகும் அந்த மிதி போகவில்லை: திரும்பத் திரும்பச் சொல்லிப் பதியவைத்தால்தான் இன்கல்கேட். ஆகவே 'கூட்டம் 10 மணிக்கு என்பதை ஊழியர்களிடம் இன்கல்கேட் செய்தார்' என்று எழுதினால் சிரிப்புதான் வரும். ஒரு தகவலைச் சொல்ல டெல் போதும். ஒழுக்கம், பழக்கம், நம்பிக்கை போன்றவற்றுக்குத்தான் இந்தச் சொல்.

அப்புறம், நம் தமிழே மாட்டிவிடும் இடம் ஒன்று உண்டு. 'மாணவர்களுக்குப் புகட்டினார்' என்கிறோம் அல்லவா? அந்தக் 'கு' ஆங்கிலத்தில் போய் 'டூ' ஆகிவிடுகிறது. 'இம்பார்ட் நாலெட்ஜ் டூ ஸ்டூடண்ட்ஸ்' சரி. இன்கல்கேட்டுக்கு அது ஒட்டாது. 'இன்கல்கேட் டிசிப்ளின் இன் சில்ட்ரன்' என்று வர வேண்டும், 'இன்டூ'வும் வரும். புகட்டுவதை மறந்துவிட்டு 'மனத்தில் பதியவைத்தார்' என்று யோசித்துப் பாருங்கள்: நம் 'இல்', அவர்கள் 'இன்'. ஆளை முதலில் வைத்து, பின்னால் 'வித்' சேர்த்து, 'இன்கல்கேட் சில்ட்ரன் வித் டிசிப்ளின்' என்று எழுதும் வழக்கமும் அகராதிகளில் இருக்கிறது. கண்டிப்பான ஆசிரியர்கள் சிலருக்கு அது பிடிக்காது.

இன்ஸ்டில் இதன் நெருங்கிய உறவு. அதன் வேர் துளி என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல். வடித்தெடுப்பதைக் குறிக்கும் டிஸ்டில் பிறந்ததும் அங்கேதான். மெல்ல மெல்ல, சொட்டுச் சொட்டாக மனத்தில் இறங்குவதற்கு அதுவே பொருத்தம். இன்ஸ்டிலுக்குப் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் கடைசியில் ஒரு 'எல்', அமெரிக்காவில் இரண்டு. இனாகுலேட் மட்டும் இந்தக் குடும்பமே இல்லை, அது தடுப்பூசி போடுவது. அவசரத்தில் அதை எழுதிவிட்டால், மாணவர்களுக்கு ஒழுக்கம் வராதபடி ஊசி போட்டதாக அர்த்தமாகிவிடும்.