குரூப்பில் உங்கள் சொல் எடுபட வேண்டுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்க் குடும்பம் என்றால் கோவிலுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, சொந்தக்காரர்களுக்கு ஒன்று என்று வாட்ஸ்அப் குரூப் இருக்கும். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், நடுவே ஒரு வணக்கம், ஒரு முருகா. ஆனால் ஆளை எடை போடுவது மட்டும் கல்யாண வீட்டில் போலத்தான்: யார் எப்போது வந்தார், யார் பக்கத்தில் உட்கார்ந்தார், யாரிடம் சொல்லாமல் கிளம்பினார்.

புதிதாகச் சேர்ந்தவர் முதலில் கொஞ்ச நாள் சும்மா இருங்கள். அதிகம் எழுதுகிறவரை விட்டுவிடுங்கள், யார் எழுதியதும் வாக்குவாதம் அடங்குகிறது என்று பாருங்கள். அவர் அட்மினாக இருக்கவேண்டும் என்பதில்லை, பல குரூப்பில் அது பத்து நாளைக்கு ஒருமுறை வாயைத் திறக்கும் ஏதாவது ஓர் ஆண்ட்டிதான்.

அந்த இடம் எப்படிக் கிடைக்கிறது? 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே இருக்கிற டோங்காட் குடிநீர் நிலையம் சேதமாகி, அந்தப் பக்கத்து ஆட்கள் மாதக்கணக்கில் டேங்கரை நம்பி இருந்தார்கள் அல்லவா, அந்த மாதிரி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "டேங்கர் வருதாம்" என்று ஃபார்வர்ட் செய்கிறவர் ஒரு வகை, "இப்போ எங்க தெரு முனையில நிக்குது, வரிசை சின்னதுதான்" என்று படத்தோடு போடுகிறவர் இன்னொரு வகை. இரண்டு தடவை வாளியைத் தூக்கிக்கொண்டு வீணாக ஓடியவர்கள் முதல் ஆளை மறக்கவே மாட்டார்கள். அதனால் நீங்களும் சின்ன விஷயத்தில் ஆரம்பியுங்கள், நேரமும் இடமும் சொல்லி, மற்றவர் போய்ப் பார்த்தால் சரியாக இருக்கிற மாதிரி.

அடுத்தது, முதல் பதில். இதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. 2013இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது: ஒரு செய்தித் தளத்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை எடுத்து, சிலவற்றுக்கு ஆராய்ச்சியாளர்களே ரகசியமாக ஒரே ஒரு ஆதரவு ஓட்டுப் போட்டார்கள், அந்த ஓர் ஓட்டால் கடைசி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் ஏறிவிட்டது. எதிர் ஓட்டுப் போட்டபோது ஜனங்கள் அதைச் சரிக்கட்டிவிட்டார்கள். கும்பல் திட்டுவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறோம், கும்பல் பாராட்டும்போதுதான் இன்னும் உஷாராக இருக்கவேண்டும் போலிருக்கிறது. கோவில் கமிட்டி ஒரு திட்டம் சொன்னதும் கட்டைவிரலாகக் குவிந்தால், விரல் வைக்காதவர்கள் யார் என்று பாருங்கள்.

புரட்டாசியில் யாரோ ஒருவர் மட்டன் பிரியாணிப் படம் போட்டுவிட்டார் என்று வையுங்கள். முதல் பதில் "வெட்கமா இல்லையா" என்று விழுந்தால் அவர் அன்றைக்கு ஒழிந்தார். "அண்ணா, மாசம் முடியட்டும், நானே வீட்டுக்கு வர்றேன்" என்று விழுந்தால் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். வேகமாக எழுதத் தெரிந்தவர் இந்த இரண்டாவது வேலையைச் செய்யுங்கள், புண்ணியமாகப் போகும்.

பெரிய விஷயம் என்றால் தனியாக இறங்காதீர்கள். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் கோடுகளின் நீளத்தை வைத்துச் சோதனை செய்தார். சுற்றி இருந்த எல்லோரும் தப்பாகச் சொன்னால், சராசரியாக மூன்றில் ஒரு தடவை ஆள் தன் கண்ணை விட்டுவிட்டு அவர்கள் பக்கம் சாய்ந்தார். கூட ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலும் அந்த அழுத்தம் நான்கில் ஒரு பங்காகிவிட்டது. மாரியம்மன் கஞ்சிப் பூஜைக்குக் கோழி, ஆடு பலி கொடுக்கலாமா என்ற சண்டையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, எழுதும் முன் எதிர்ப் பக்கமும் மதிக்கிற ஒருவருக்கு, கஞ்சி காய்ச்சுகிற அக்காவாக இருந்தால் இன்னும் நல்லது, ஃபோன் போடுங்கள். அவருக்கும் அதே எண்ணம் இருந்தால் உங்களுக்குப் பின்னால் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், போதும். ஐந்து பேரைச் செட் பண்ணி ஒரே வசனத்தை எழுத வைக்காதீர்கள், மோப்பம் பிடித்துவிடுவார்கள், தவிர அது அசிங்கம்.

இந்த மாதிரிக் கேள்விக்கு குரூப்பிலேயே ஓட்டெடுப்பு (poll) வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். யார் எதற்குப் போட்டார் என்று பெயரோடு தெரிந்தால் சின்னப் பசங்க யாரும் தாத்தாவுக்கு எதிராகப் போடமாட்டார்கள். தனித்தனியாகக் கேட்டு, எண்ணிக்கையை மட்டும் குரூப்பில் சொல்லுங்கள்.

பெரியவர் ஒருவர் பொய்ச் செய்தி போட்டால் எல்லோர் முன்னும் திருத்தாதீர்கள். "அங்கிள், ரெட்டை அம்புக்குறி இருக்கு, ரொம்பக் கை மாறி வந்ததுபோல, ஒரு தடவை பார்த்துடுங்களேன்" என்று தனியாக அனுப்பினால் பெரும்பாலும் அவரே அழித்துவிடுவார். உயிர் போகிற வதந்தி மட்டும் விதிவிலக்கு. 2021 ஜூலைக் கலவரத்தில், இந்தியர்கள் அதிகம் வாழும் டர்பன் புறநகரான ஃபீனிக்ஸ் பட்ட பாடு தெரியும். அப்படிப்பட்ட ராத்திரியில் வாய்ஸ் நோட்டில் குரல் நடுங்கினாலே உண்மை என்று நம்பிவிடுவோம். அங்கே உடனே, எல்லோர் முன்னும் கேளுங்கள்: நீங்களே பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா?

சட்டத்தையும் மறக்கவேண்டாம். டர்பன் கடற்கரையின் புத்தாண்டுக் கூட்டத்தில் கறுப்பின மக்களை இழித்து ஃபேஸ்புக்கில் எழுதிய ஒரு பெண்ணை 2016இல் சமத்துவ நீதிமன்றம் 1,50,000 ராண்ட் கட்டச் சொன்னது. 2013இல் பிரிட்டோரியா நீதிமன்றத்தில் வந்த அவதூறு வழக்கு இன்னும் சுவாரஸ்யம்: எழுதியது மனைவி, ஆனால் தன் பெயர் டேக் ஆனது தெரிந்தும் விலகாமல் இருந்ததற்காகக் கணவரும் பொறுப்பானார். ஆகவே அடுத்தவரைக் கிழிக்கிற பதிவில் உங்கள் பெயரைக் கோர்த்தால் அன்றைக்கே டேக்கை எடுங்கள், எனக்கு இதில் சம்பந்தமில்லை என்று ஒரு வரியும் போடுங்கள்.

உங்களையே எல்லோரும் கிழித்தால்? நடந்ததை மூன்று வரியில் எழுதிவிட்டு ஃபோனைக் கீழே வையுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு நீளமான விளக்கம் எழுதினால் அதிலிருந்து ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார்கள். அட்மின்கள் எல்லோரும் ஒரே வீட்டு ஆட்களாக இருந்தால் அந்த மூன்று வரியைக்கூட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே எது எப்போது காணாமல் போகும் என்று சொல்லமுடியாது.