ஏற்காட்டு ஏரிக்கரை வீட்டில் ஓய்வுக்காலம்: வைகாசி நாட்களை அமைத்துக்கொள்ளும் முறை

பணி ஓய்வுக்குப் பின் ஏற்காட்டு ஏரியை ஒட்டிய வீட்டில் குடியேறுபவர்களுக்கு ஆண்டின் மற்ற மாதங்கள் தாமாகவே பழகிவிடும். சித்திரையின் பின்பாதியும் வைகாசியும் மட்டும் முன்யோசனை கேட்கும். அடிவாரத்தில் சேலம் 40 டிகிரியை ஒட்டிக் காயும்போது, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் பகல் வெப்பம் 30 டிகிரியைச் சுற்றியே நிற்கும். அந்தப் பத்து டிகிரி குளிர்ச்சிக்காகவே ஊரெல்லாம் மலையேறி வருகிறது. ஆகவே, இங்கேயே குடியிருப்பவர்கள் மலையிறங்கிச் செய்ய வேண்டிய வேலைகளைச் சித்திரை நடுவுக்குள் முடித்துவிட்டு, வந்தவர்கள் இன்னும் எழுந்திராத காலை வேளையையும் வார நாட்களையும் தமக்கென வைத்துக்கொள்வதே சரியான ஏற்பாடு.

முதலில் மருந்து. இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மாத்திரைகளை இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைப்பதும், கண், பல், இதயம் சார்ந்த வழக்கமான பரிசோதனைகளைச் சேலத்தில் முன்னதாகவே முடித்துக்கொள்வதும் நல்லது. மே மாதத்தில் கோடை விழாவும் அண்ணா பூங்கா மலர்க்கண்காட்சியும் நடக்கும் நாட்களில், கொண்டப்பநாயக்கன்பட்டி அடிவாரம் வழியாக ஏறவும் குப்பனூர் வழியாக இறங்கவும் போக்குவரத்தை ஒருவழியாக்குவது வழக்கம். சாதாரண நாளில் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கும் தூரம் அப்போது நீண்டுவிடும் என்பதால், மருத்துவரைப் பார்க்கும் தேதியை விழா அறிவிப்பைப் பார்த்த பிறகே குறித்துக்கொள்ள வேண்டும். ஓய்வூதியத்துக்கு ஆயுள் சான்று அளிக்க வேண்டிய மாதம் இதுவாகவே அமைந்தால், அதற்காக மட்டும் இறங்க வேண்டியதில்லை. ஆதார் இணைந்த ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைப் பதிவுசெய்தே வீட்டிலிருந்து முடித்துவிடலாம்.

வடகம், வத்தல், மிளகாய் காயவைத்தல் ஆகியவற்றை மலையில் முயன்று பார்ப்பது வீண் வேலை. பிற்பகலில் ஏறும் மேகமும் திடீர் மழையும் எதையும் முழுதாகக் காயவிடுவதில்லை. அரைகுறையாகக் காய்ந்த மோர் மிளகாயில் மூன்றாம் நாளே பூஞ்சை வெள்ளையாகப் படரும். சேலத்தில் உறவினர் வீட்டு மொட்டைமாடி இருந்தால், சித்திரை முன்பாதி வெயிலில் அங்கேயே காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் கொண்டுவந்துவிட வேண்டும். போகிற போக்கில் மல்கோவாவும் இமாம் பசந்தும் வாங்கிவரலாம். பலாப்பழத்துக்கு மலையிலேயே குறைவில்லை.

சமையலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பல சலிப்புகள் தீரும். இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் கீழே வேகிற பதத்துக்கு எளிதில் வராது. குக்கரில் ஒரு விசில் கூடுதலாக விடுவதே போதும். பருப்பு சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

நடைப்பயிற்சிக்கு ஏரியைச் சுற்றிய சாலை ஏற்றது, ஆனால் நேரம் பார்த்துப் போக வேண்டும். வெளிச்சம் நன்றாகப் பரவுவதற்கு முன் காபித் தோட்டங்களை ஒட்டிய குறுக்கு வழிகளில் நடப்பதைத் தவிர்க்க வேண்டும். சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் உண்டு, அவை எதிர்ப்பட்டால் கைபேசியை நீட்டிப் படமெடுக்காமல், வந்த வழியே மெதுவாகத் திரும்பிவிட வேண்டும். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தாகம் தெரியாது என்பதும், உயரம் காரணமாக வெயிலின் கடுமை தோலில் கூடுதலாகவே விழும் என்பதும் வயதானவர்கள் பலர் கவனிக்காத செய்திகள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் இல்லாமல் கிளம்பக் கூடாது. சனி, ஞாயிறுகளில் எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுவது உத்தமம். அதன் பிறகு படகு இல்லத்தின் பக்கம் நடப்பதற்கே இடம் இருக்காது. சேர்வராயன் கோயில் திருவிழாவும் மே மாதத்தில்தான் வரும். கூட்டம் ஆகாதவர்கள் சாமி கும்பிட வேறொரு வார நாளைத் தேர்ந்துகொள்ளலாம்.

காபிச் செடிகள் சில வைத்திருப்பவர்களுக்கு இந்த மாதத்தின் முக்கியமான வேலை தண்டைப் பார்ப்பதுதான். அராபிகா வகைக் காபியைத் தாக்கும் வெண்தண்டுத் துளைப்பான், கறுப்பு உடலில் வெள்ளைக் கோடுகள் கொண்ட சிறு வண்டு. கோடையில் ஒருமுறையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு முறையும் வெளிவந்து, வெயில் நேராக விழும் தண்டின் பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். புழு உள்ளே குடைந்து போன இடத்தில் பட்டை வரப்புப் போலப் புடைத்திருக்கும். விரலால் தடவினாலே அது தெரியும். இலைகள் மஞ்சளாகி வாடும்வரை காத்திருந்தால் செடி கைவிட்டுப் போனதாகவே கொள்ள வேண்டும். தேங்காய் நாரையோ சாக்குத் துணியையோ கொண்டு, பச்சைப் பட்டையில் காயம் படாதபடி முதன்மைத் தண்டையும் தடித்த கிளைகளையும் தேய்த்து, உரிந்த செதில்களை நீக்கிவிட்டால் முட்டையிட வெடிப்பும் குறையும், இட்ட முட்டையும் அழியும். கத்தியால் சுரண்டுவது செடிக்குக் கேடு. நிழல் மரமான சில்வர் ஓக்கின் கிளைகளை வெட்டி நிழலைத் திறக்கும் ஆசையையும் இப்போது அடக்கிக்கொள்ள வேண்டும். வண்டுக்குப் பிடித்தது அந்த வெயில்தான். புடைப்பு கண்ட செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும், விறகுக்கென்று வீட்டோரம் அடுக்கிவைக்கக் கூடாது.

கோடை மழை இங்கே பெரும்பாலும் பிற்பகல் இடியோடு வரும். அதற்கு முன்பே கூரை ஓடுகளுக்கிடையிலும் மழைநீர்க் குழாயிலும் சேர்ந்த சருகுகளை ஆள் வைத்து எடுத்துவிட வேண்டும். எழுபதை நெருங்குபவர் ஏணியில் ஏறுவது துணிச்சல் ஆகாது. முதல் இடி கேட்டதும் தொலைக்காட்சி, இணையப் பெட்டி ஆகியவற்றின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஏரிக்கரையிலிருந்தும் மரத்தடியிலிருந்தும் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்.

பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருவதானால், கோடை விழாவுக்கு முந்தைய வாரத்தின் திங்கட்கிழமை காலையில் புறப்பட்டு வரச் சொல்லுங்கள். கம்பளிகளை அதற்கு முந்தைய நாட்களில், பதினொரு மணி வெயில் இருக்கும்போதே உதறிப் போட்டு, மேகம் இறங்குவதற்குள் எடுத்து மடித்துவிடுங்கள்.