வழிகாட்டி நாய் வேலையில் இருக்கும்போது: ராமேசுவரம் ஆட்டோக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும்

பார்வையற்ற ஒருவரின் இடப்பக்கம், முதுகில் வார் பூட்டி, விறைப்பான கைப்பிடியோடு நாய் நடந்து வந்தால் அது வேலையில் இருக்கிறது. நம் பக்கம் அபூர்வமான காட்சிதான். ஆனால் ராமேசுவரத்துக்கு ஆள் வராத ஊர் உண்டா?

நாய்க்கு வழி தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் எங்கே திரும்புவது என்பதைச் சொல்பவர் அந்தப் பார்வையற்றவர்தான். படி, பள்ளம், குறுக்கே நிறுத்திய வண்டி, தலையில் இடிக்கும் தட்டி இவற்றைக் கண்டு நிற்பதும் விலக்கி நடத்துவதும்தான் நாயின் பொறுப்பு. ரோட்டைக் கடக்கும்போது வண்டிச் சத்தத்தைக் கேட்டு அவர் முடிவெடுப்பார். வண்டி நெருங்கிவிட்டால், அவர் சொன்னாலும் நாய் காலெடுத்து வைக்காது. அதனால் ஹாரன் அடிக்காதீர்கள், "போங்க சார், போங்க" என்று கத்தாதீர்கள். பின்னால் வரும் வேனின் சத்தம் அதில் அமுங்கிப்போகும்.

நாயைத் தொடுவது, கூப்பிடுவது, சீட்டியடிப்பது எதுவும் வேண்டாம். பேச்செல்லாம் மனிதரிடம். அதன் கவனம் ஒரு நொடி சிதறினாலும் மூடாத சாக்கடையில் அவர் கால் போய்விடும். தின்ன எதுவும் கொடுக்காதீர்கள். ஒருமுறை பிஸ்கட் கிடைத்தால், அடுத்த டீக்கடையிலும் அது தரையை மோந்துகொண்டு நிற்கும். சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு நஞ்சு. கருவாட்டு உப்பும் ஆகாது. ரோட்டோரம் கருவாடு காய்ந்தால், "முன்னால கருவாடு காயுது சார்" என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இங்கே பெரிய ஆபத்து தெருநாய்கள். கூட்டமாய்ப் பாய்ந்து ஒருமுறை கடித்துவிட்டால், பயந்துபோன வழிகாட்டி நாய் வேலைக்கே லாயக்கில்லாமல் போகலாம். பல மாதப் பயிற்சி வீண். கல்லெறியாதீர்கள், எது எங்கே விழுகிறதென்று அவருக்குத் தெரியாது. நீங்கள் இரண்டு பேராகத் தெருநாய்களுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்று, "நாலு நாய் முன்னால நிக்குது சார், விரட்டுறோம், கொஞ்சம் நில்லுங்க" என்று உரக்கச் சொல்லுங்கள். வழிகாட்டி நாயின் வாரை மட்டும் இழுக்கவே கூடாது. வீட்டு நாய் வைத்திருப்பவர்கள் கட்டிப் போடுங்கள்.

வழி சொல்ல, "அந்தா அங்க" என்று கை காட்டிப் பயனில்லை. "உங்க வலது கைப்பக்கம், பத்தடியில படி" என்று சொல்லுங்கள். கூட்டிப்போக வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். சரி என்றால் அவருடைய வலப்பக்கம் நின்று முழங்கையைக் கொடுங்கள். அவர் கைப்பிடியை விட்டுவிட்டு, நாயின் கழுத்துக் கயிற்றை மட்டும் பிடித்துக்கொள்வார்.

ஆட்டோவில் நாய் அவர் காலடியில் படுத்துக்கொள்ளும். அங்கே மூட்டை வைக்காதீர்கள். அரிச்சல்முனை போகிறவர்களைக் காலையிலேயே கூட்டிப்போங்கள். மத்தியானத் தாரில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் பொத்துப்போகும். தண்ணீர் வைக்கலாமா என்று அவரைக் கேட்டுவிட்டு வையுங்கள்.

வார் பூட்டிய நாய் தனியாக உங்களிடம் ஓடிவந்தால் விரட்டாதீர்கள். அதன் பின்னாலேயே போய்ப் பாருங்கள், அவர் எங்காவது விழுந்து கிடக்கலாம். ஆம்புலன்சுக்கு 108.