ஒரு பட்டு மடிப்பை எண்ணெய் வண்ணத்தில் வரைவது எப்படி? மாதிரி: பிரெஞ்சு ஓவியர் ஃப்ராகொனாரின் ‘ஊஞ்சல்’

லண்டன் அருங்காட்சியகமான வாலஸ் கலெக்‌ஷனில் உள்ள இந்த ஏறத்தாழ 1767ஆம் ஆண்டு ஓவியத்தில் ஒரு பெண் செருப்பை உதறியபடி ஊஞ்சலாடுகிறாள். புதரில் சாய்ந்து அண்ணாந்து பார்க்கிறான் காதலன். பின்னால் நிழலில் கயிற்றை இழுக்கும் முதியவர். இத்தனை இருந்தும் கண் முதலில் போவது அவளுடைய ரோஜா நிற உடைக்குத்தான். முழுப் படத்தில் கைவைக்காமல், அதில் ஒரே ஒரு மடிப்பை மட்டும் பழகுவோம்.

முதலில் ரோஜா நிறச் சாட்டின் ஒரு மீட்டர் வாங்கி, நாற்காலி முதுகில் தொங்கவிடுங்கள். இடப்பக்கம் ஒரே ஒரு விளக்கு போதும். அறையின் டியூப்லைட்டும் எரிந்தால் நிழல் கலைந்துவிடும்.

25 x 30 செ.மீ. கேன்வாஸ் போர்டில் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்து, மெலிதாகப் பூசித் துணியால் துடைத்துவிடுங்கள். மறுநாள் அதே கரைசலால் மடிப்பின் கோடுகளைப் போடுங்கள்.

இனி கலவை. ஒளிக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட நடுநிறத்துக்கு வெள்ளை 8 பங்கு, அலிசரின் கிரிம்சன் (அடர்சிவப்பு) 1 பங்கு, மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்) ஒரு துளி. நிழலுக்கு இதே கலவையில் அலிசரினும் பர்ன்ட் அம்பரும் கூட்டுங்கள். கறுப்பு வேண்டாம், ரோஜா நிறம் சாம்பல் பூத்துப்போகும். ஒளிக்கு வெள்ளையில் நடுநிறம் கொஞ்சம்.

நிழலை மெலிதாகவும் நடுநிறத்தைச் சற்றுக் கெட்டியாகவும் வையுங்கள். ஒளியைக் கடைசியில், பிரஷ் நிறைய எடுத்து ஒரே இழுப்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். அழகாக இருக்கட்டும் என்று ஓரங்களையெல்லாம் தேய்த்துக் குழைத்தால் பட்டு பருத்தியாகிவிடும். பளபளப்பு வெள்ளையின் அளவால் வருவதில்லை. பளிச்சென்ற ஒளி இருட்டை ஒட்டி நிற்பதால் வருகிறது. மடிப்பின் ஒரு ஓரம் கத்தி போல் இருக்கட்டும், மறு ஓரம் மட்டும் மெல்லக் கரையட்டும். கண்ணைச் சுருக்கித் துணியைப் பாருங்கள்: நிழலுக்குள்ளேயும் பக்கத்து மடிப்பிலிருந்து எதிரொளித்த இளஞ்சிவப்பு தெரியும். அதை விட்டால் நிழல் ஓட்டை போல் தோன்றும்.

ஆளி விதை எண்ணெயை மேல் அடுக்குகளில் மட்டும் சில துளி சேருங்கள். அடியில் எண்ணெய் மிகுந்து, மேலே குறைந்தால் காய்ந்தபின் வெடிப்பு விடும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.