ஆரி வகுப்பு முடித்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளவுஸ் துணியில் கொக்கி ஊசியால் போடும் ஆரி எம்பிராய்டரி வகுப்பில் புது பேட்ச் ஒன்று சான்றிதழ் வாங்கிப் போயிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் புலம்புவதைப் படித்தால், நாங்கள் அந்தக் காலத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். நூல் அறுவது, சங்கிலித் தையல் சீராக வராதது எல்லாம் கை பழகப் பழகச் சரியாகிவிடும். காசு போகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

போட்டோவைப் பார்த்து ரேட் சொல்வது

ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு படம் வரும். “இது மாதிரி வேணும், எவ்வளவு ஆகும்?” அடுத்த நிமிடமே நம் பெண் “ரெண்டாயிரம்க்கா” என்று பதில் போட்டுவிடுவாள். எதை வைத்துச் சொன்னாய் என்றால், பக்கத்துத் தெருவில் அப்படித்தான் வாங்குகிறார்களாம். இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

போட்டோவில் வேலையின் நெருக்கம் தெரியாது. மேலோட்டமாகச் சுகர் பீட்ஸ் என்கிற பொடி மணி போலத் தெரிவது, பெரிதாக்கிப் பார்த்தால் ஜர்தோசி என்கிற சுருள் கம்பியைப் பொடிப்பொடியாக வெட்டி ஒவ்வொன்றாகக் கோத்ததாக இருக்கும். இரண்டுக்கும் ஆகும் நேரம் மலைக்கும் மடுவுக்கும்.

போன முகூர்த்த சீசனில், என்னிடம் படித்த ஒரு பெண் கல்யாண பிளவுஸ் ஒன்றை ஒப்புக்கொண்டாள். முழங்கை வரை கை, ஓரத்தில் மாங்காய் பார்டர். ரேட் சொல்லும்போது ஒரு கையை மட்டும்தான் எண்ணியிருக்கிறாள். சிரிக்காதீர்கள், படத்தில் ஒரு கைதான் தெரிந்தது! இவள் மட்டுமல்ல, பேட்சுக்கு ஒருத்தியாவது இப்படிச் செய்கிறாள்.

கணக்கைப் பாருங்கள். கைச்சுற்று 11 இஞ்ச், இஞ்சுக்கு ஒரு மாங்காய். இரண்டு கைக்கும் சேர்த்து 22. ஜரியில் அவுட்லைன், உள்ளே ஜர்தோசி, நடுவில் ஒரு குந்தன் கல், சுற்றிலும் பீட்ஸ் என்று ஒரு மாங்காய் முடிக்கப் புதுக் கைக்கு 15 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், கை ஓரத்துக்கே ஐந்தரை மணி நேரம். பேக் நெக், முன் கழுத்து, கை மேல் வரும் புட்டா (தனித்தனிச் சின்ன டிசைன்) எதையும் இன்னும் தொடவில்லை. ட்ரேஸ் எடுப்பதும், துணியை ஸ்டாண்டில் இழுத்துக் கட்டுவதும், முடித்ததும் துணியைத் திருப்பி முடிச்சுகளைச் சரிபார்ப்பதும் தனி. மெட்டீரியல் செலவைக் கழித்து மிச்சத்தை மணிக்கணக்கால் வகுத்துப் பார்த்தோம். நூறு நாள் வேலைக்குப் போயிருந்தால்கூட கூடுதலாக வந்திருக்கும். “வீட்டுல உட்கார்ந்து செய்யறதுதானேக்கா” என்கிறாள். உட்கார்ந்து செய்தால் அது வேலை இல்லையா?

படம் வந்தால் “நாளைக்குச் சொல்றேன்” என்று மட்டும் பதில் போடுங்கள். அதே டிசைனில் ஒரே ஒரு புட்டாவை வேஸ்ட் துணியில் போட்டு, எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். மொத்தம் எத்தனை என்று எண்ணிப் பெருக்குங்கள். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருங்கள். அதோடு மெட்டீரியலைக் கூட்டினால் ரேட் வந்துவிடும். அந்த மாதிரித் துண்டையும் போட்டோ எடுத்து அனுப்பினால் பேரம் பாதியாகக் குறையும். கட்டுப்படியாகவில்லை என்று அவர்கள் சொன்னால், ரேட்டைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். ஜர்தோசிக்குப் பதில் சில்க் த்ரெட் நிரப்பலாம், கை மேல் புட்டாவை எடுத்துவிடலாம்.

சொந்தக்காரர் கல்யாணம் என்றால் முழுசாகப் பரிசாகவே கொடுத்துவிடுங்கள். பாதி ரேட்டுக்குச் செய்து கொடுத்தால் அடுத்த மாதம் அதுதான் உங்கள் ரேட் என்று ஊர் முழுக்கப் பரவியிருக்கும்.

தையல் கோட்டின் மேல் பீட்ஸ்

ஆரி வேலை வெட்டாத துணியில் நடப்பது. அதனால் பிளவுஸைத் தைக்கப்போகும் டெய்லரே முதலில் துணியில் அளவு வரைந்து கொடுக்க வேண்டும். தையல் விழுகிற இடத்தில் பீட்ஸ் வந்தால் ஒன்று பீட்ஸ் நொறுங்கும், இல்லை மெஷின் ஊசி உடையும். பட்டுச் சேலையோடு வந்த பிளவுஸ் பிட் என்றால் கெட்டுப்போனால் அதே துணி கடையிலும் கிடைக்காது.

முன்பணம் வாங்காமல் ஊசியை எடுப்பது

வேண்டாம்.

ஒரு வகுப்பு முடிந்ததும் அடுத்த வகுப்பு

ஆரி முடிந்ததும் பியூட்டிஷியன், அப்புறம் மெஹந்தி, அப்புறம் காளான் வளர்ப்பு. ஃபைல் நிறையச் சான்றிதழ் இருக்கும், கையில் ஒரு ஆர்டர் இருக்காது. ஆர்செட்டி என்கிற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் படித்தவர்களிடம் இதை அழுத்திச் சொல்வேன். 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய ஒரு பயிற்சி முறையைப் பார்த்து வங்கிகள் நடத்தும் நிலையங்கள் இவை. பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. முடித்த பிறகும் இரண்டு வருடம் கூட இருந்து வழிகாட்டுவது, வங்கிக் கடனுக்கு உதவுவது எல்லாம் அவர்கள் வேலையில் சேர்ந்ததுதான். சான்றிதழ் வாங்கிய அன்றோடு அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, வேறு இடத்தில் இன்னொரு வகுப்புக்குப் பணம் கட்டுகிறார்கள்.

மானியம் கைக்கு வரும் என்று நினைப்பது

பிஎம்இஜிபி என்கிற, புதிதாகத் தொழில் தொடங்க வங்கிக் கடனோடு மானியம் தரும் மத்திய அரசுத் திட்டத்தில் பெண்களுக்குத் திட்டச் செலவில் கிராமத்தில் 35, நகரத்தில் 25 சதவீதம் மானியம். ஆனால் அந்தத் தொகை வங்கியிலேயே மூன்று வருடம் டெபாசிட்டாகக் கிடக்கும். தொழில் ஒழுங்காக நடந்தால்தான் பிறகு கடனில் கழிப்பார்கள். அதுவரை தவணை உங்கள் பொறுப்பு. அதோடு, முதல் கடன் புதிதாகத் தொடங்குகிற தொழிலுக்குத்தான். கடையைத் திறந்துவிட்டு விண்ணப்பிக்கப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு ஸ்டாண்டும் நாலு ஊசியும் வைத்துத் தொடங்கக்கூடிய தொழிலுக்கு லட்சக்கணக்கில் கடன் எதற்கு என்பது வேறு கேள்வி.

உத்யம் பதிவுக்குப் பணம் கொடுப்பது

உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. அரசுத் தளத்தில் அது இலவசம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் உங்கள் போனிலேயே முடித்துவிடலாம்.